சாவிக்கல்லுக்கு வைத்த பொட்டு

மொரப்பூருக்கு மேற்கே, ரயில் பாதையை ஒட்டி முப்பது ஏக்கரில் ஒரு கான்கிரீட் யார்டு இருந்தது. பெங்களூரு நகரத்துக்கு அடியில், நெருக்கி அடித்துக் கட்டிய தெருக்களுக்குக் கீழே ஒரு பெரிய சாலைச் சுரங்கம் குடைந்துகொண்டிருந்தார்கள். அதன் உள்சுவருக்கான கற்களை இங்கேதான் வார்த்தார்கள். அங்கே மிஷின் இரண்டு மீட்டர் மண்ணைக் குடைந்துவிட்டு நிற்கும். பத்துக் கற்களை வட்டமாகப் பொருத்தி ஒரு வளையம் கட்டுவார்கள். அந்த வளையத்தின் மேலேயே ஜாக்கிகளை ஊன்றி, மிஷின் தன்னை முன்னால் தள்ளிக்கொண்டு மறுபடி குடையும். ஒன்பது கற்கள் ஆளைவிடப் பெரியவை. பத்தாவது மட்டும் சின்னது, ஆப்பு மாதிரி ஒரு பக்கம் குறுகியது. அது போய் உட்கார்ந்தால்தான் மற்ற ஒன்பதும் நிற்கும். காகிதத்தில் அதற்கு என்ன பெயரோ, யார்டில் அது சாவிக்கல்.

நிர்மலா அங்கே நான்கு வருடமாக வேலை செய்கிறாள். அச்சில் ஊற்றிய கான்கிரீட் இறுகுவதற்கு முன் கரணையால் அதன் முகத்தை வழவழப்பாகத் தேய்ப்பது பன்னிரண்டு பெண்களின் வேலை. அந்தப் பன்னிரண்டு பேருக்கும் அவள்தான் மேஸ்திரி மாதிரி. அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு கல்லையும் தேய்த்து முடித்ததும், 'இதுக்கு மேல இருக்கிற சனம் நல்லா இருக்கணும்' என்று மனசுக்குள் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வாள். பெங்களூரை அவள் பார்த்ததில்லை. கல்லுக்கு மேலே மண், மண்ணுக்கு மேலே வீடு, வீட்டுக்குள் தன்னைப்போல நாலு பேர் என்பது மட்டும் தெரியும். வேண்டிக்கொள்ள அது போதாதா?

ஆயுத பூஜை முடிந்து பன்னிரண்டாம் நாள், புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு யார்டு ஆபீசில் போன் அடித்தது. எட்டு மணிக்குள் சேதி எல்லார் காதுக்கும் வந்துவிட்டது. சுரங்கம் இடப்பக்கம் வளையும் இடத்தில் மிஷின் நிற்கிறது. ஒன்பது கல்லைப் பொருத்திவிட்டார்கள், சாவிக்கல் உள்ளே போகவில்லை. இடது வளையத்துக்கு வலது வளையத்தின் சாவிக்கல் வந்திருக்கிறது. இன்னொன்றை எடுத்துப் பார்த்தால் அதுவும் அப்படியே. மேலே இருப்பதோ பழைய வீடுகள் நிறைந்த பகுதி. மிஷின் முகத்தில் அழுத்தம் கொடுத்து மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், உடனே ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மாதிரி இடத்தில் நெடுநேரம் நிற்கக் கூடாது, சாயங்காலத்துக்குள் நகர்ந்தாக வேண்டும். உடனே சரியான கல் வேண்டும் என்றார்கள்.

லோடு ஏற்றிவிடுவது அப்சலின் பொறுப்பு. அரூர்க்காரன், இருபத்தொன்பது வயது. அவன் மனைவி சானியாவுக்கு எட்டாம் மாதம். இந்த மாதக் கடைசியில் அவனை நிரந்தரம் செய்வதாக இருந்தார்கள். யார்டு மேனேஜர் ரஞ்சித்குமார் அவனைக் கூப்பிட்டுக் கேட்டார். சிவப்புப் புள்ளி பார்த்துத்தான் சார் ஏற்றினேன் என்றான் அவன். அப்புறம் அடுக்குப் பக்கம் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தான். வந்ததும் வேறு பேச்சுப் பேசினான். கவனிக்காமல் ஏற்றிவிட்டேன், என் தப்புதான் என்றான். கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மத்தியானத்துக்குள் கிளம்பச் சொன்னார் மேனேஜர். மேலிடத்திலிருந்து அவருக்கும் நெருக்கடி.

"சிவப்புப் புள்ளி" என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே நிர்மலாவுக்குக் கையில் இருந்த கரணை கனத்தது.

வளையத்தில் இடது, வலது என்று இரண்டு வகை. பெரிய கற்களில் அதை எழுத்தாகவே எழுதிவிடுவார்கள். சாவிக்கல்லில் அவ்வளவு இடம் இல்லை. அதனால் இடதுக்குச் சிவப்பு, வலதுக்கு மஞ்சள் என்று, ரூபாய்க் காசு அளவுக்குப் பெயின்டில் ஒரு புள்ளி. அச்சிலேயே பதிந்த எண்ணும் உண்டு, ஆனால் அது கல்லின் அடிப்பக்கம். அடுக்கிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

ஆயுத பூஜை அன்று யார்டே கல்யாண வீடு மாதிரி இருந்தது. கிரேனுக்கு வாழைக்கன்று, கலவை மிஷினுக்கு மாலை. பொரியும் கடலையும் அப்சல்தான் தர்மபுரி சந்தையிலிருந்து மூட்டையாக வாங்கி வந்தான், வருஷா வருஷம் அது அவன் வேலை. கல்லுக்கெல்லாம் பொட்டு வைக்கும் பொறுப்பு நிர்மலாவுக்கு. பெரிய கற்களுக்கு வைத்து முடித்துச் சாவிக்கல் அடுக்குக்கு வந்தபோது கிண்ணத்தில் சந்தனம் தீர்ந்துவிட்டது. பார்த்தால் பாதிக் கற்களில் வட்டமாக மஞ்சள் ஏற்கெனவே இருக்கிறது. சந்தனம் வைத்த மாதிரியே இருக்கிறதே, அதன்மேல் குங்குமம் மட்டும் வைத்தால் போதும் என்று தோன்றியது. மழைக்காலம், கரைந்துவிடக் கூடாது என்று குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்திருந்தாள். கட்டைவிரலால் அழுத்தி, அழகாக, ஒவ்வொரு மஞ்சள் மேலும் நிறையவே வைத்தாள். மற்றக் கற்களில் இருந்த சிவப்பின் மேலும் அப்படியே ஒன்று வைத்தாள். பூஜைக்குப் பிறகு இரண்டு மழை பெய்தது. ஒரு பொட்டும் அழியவில்லை.

பூஜைக்குப் பிறகு போன முதல் சாவிக்கல் லோடு இதுதான்.

அவள் போய்ச் சாவிக்கல் அடுக்கைப் பார்த்தாள். நாற்பது கல். நாற்பதும் சிவப்பு.

பின்னாலேயே குள்ளம்மாள் வந்து நின்றாள். ஐம்பது வயதுக்காரி, அந்தப் பன்னிரண்டு பேரில் வாய் பெரியவள். ஒரு பார்வையில் அவளுக்கும் விளங்கிவிட்டது.

"வாய மூடிக்கிட்டு இரு, நிர்மலா," என்றாள் மெதுவாக. "நீ ஒருத்தி நல்லவ ஆவறதுக்குப் பன்னண்டு பேரும் வூட்டுக்குப் போவணுமா?"

குள்ளம்மாள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பொட்டு வைத்த கை ஒன்றுதான் என்றாலும், பெண்கள் கூட்டத்தின் வேலை என்று மொத்தமாகச் சேர்த்துத்தான் பேசுவார்கள். அவளுக்கும் வீட்டில் மரவள்ளி போட்ட ஒன்றரை ஏக்கரும், மழையை நம்பி இருக்கும் புருஷனும், பாப்பிரெட்டிப்பட்டியில் பன்னிரண்டாவது படிக்கும் மகளும் உண்டு. ஆனால் அங்கே ஒரு பையன் தன் அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டிருக்கிறான். மனசு இரண்டு பக்கமும் இழுத்தது. அவள் ஒன்றும் தீர்மானிக்காமலேதான் அவனைத் தேடிப் போனாள். போன கால் தீர்மானித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

வண்டி நிறுத்தும் கொட்டகையில் அப்சல் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, உனக்குத் தெரியுந்தானே?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு சிரித்தான்.

"போய் வேலையப் பாருங்கக்கா. சாமிக்கு வெச்ச பொட்டு அது. அதனாலதான் தப்பாச்சுன்னு நான் போய்ச் சொன்னா, கேக்கறவங்க காதுல அது வேற மாதிரி உழும். இல்லாட்டி அடுத்த வருசம் பூஜையே வாணாம்பாங்க. அப்புறம் நான் பொரி மூட்டை யாருக்கு வாங்கறது?"

தெரிந்தே சுமந்துகொண்டு போகிறான். அதையும் வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போகிறான்.

"பொட்டு வெச்சது சாமிக்குத்தான். இப்ப நான் மறைச்சன்னா, அது சாமிக்கு வெச்சதா இருக்காது, தம்பி," என்றாள். "பைக்க நிறுத்து. எங்கயும் போவாத."

கொட்டகை மூலையில் கிடந்த பழைய துணியை எடுத்துக்கொண்டாள். நேரே ஆபீஸ் கதவைத் தட்டி, ஒரு நிமிஷம் அடுக்குப் பக்கம் வர முடியுமா என்று மேனேஜரைக் கேட்டாள். அவர் காதில் போனுடனேயே வந்தார். சுற்றி வேலையாட்களும் வந்து நின்றார்கள். குள்ளம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

நிர்மலா முதல் கல்லின் பொட்டைத் துணியால் அழுத்தித் துடைத்தாள். எண்ணெய்க் குங்குமம் துணியோடு வந்தது. அடியில் மஞ்சள்.

இரண்டாவது. மஞ்சள். மூன்றாவது. அதுவும் மஞ்சள்.

"சந்தனம் தீந்துபோச்சுங்க சார்," என்றாள். "மஞ்சள்தான் இருக்குதேன்னு அதும்மேலயே வெச்சிட்டன். அப்சலு பார்த்தது சிவப்புதான். அவன் மேல தப்பில்லைங்க. இந்தப் பொம்பளைங்க மேலயும் இல்ல. கை என்னுது."

ரஞ்சித்குமார் அந்த மஞ்சள் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு நினைவுக்கு வந்தது வேறு. பூஜை அன்று காலையில் வேட்டி கட்டிக்கொண்டு, யார்டு முழுக்க நடந்து, 'ஒரு கல்லை விடாதீங்க, எல்லாத்துக்கும் வைங்க' என்று சொன்னவர் அவரேதான். அதைச் சொல்லாமலே அவர் இருந்திருக்கலாம். சுற்றி நின்றவர்களில் யாரும் அதை எடுத்துச் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். ஆனால் ஒருத்தர் உண்மையைச் சொல்லிவிட்ட இடத்தில் அடுத்தவர் பொய்யோடு நிற்பது கஷ்டம்.

"ஒண்ணு வுடாம வைங்கன்னு நான்தானேம்மா சொன்னேன்," என்றார். அதே மூச்சில் போனில் நகரத்துக்கும் அதைச் சொன்னார்.

மறுமுனையில் இருந்தவர் மாதவராஜ். சுரங்கத்தில் வளையம் கட்டும் வேலைக்கெல்லாம் தலைவர், கண்டிப்பானவர் என்று யார்டு வரைக்கும் பேர். அங்கே இறக்கி வைத்த சாவிக்கற்களைத் துடைத்துப் பார்க்கச் சொன்னார் மேனேஜர். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ஐந்து கல், ஐந்தும் மஞ்சள். இடது கல் அங்கே ஒன்றுகூட இல்லை. இங்கிருந்துதான் போக வேண்டும்.

நிர்மலா துடைத்துக்கொண்டே போனாள். ஏழாவது கல்லில் குங்குமம் போன பிறகும் சிவப்பு நின்றது. எட்டாவதிலும் நின்றது. இரண்டையும் டிரைவர் ஆண்டியின் லாரியில் ஏற்றச் சொன்னார் மேனேஜர். கிரேன் டிரைவர் யார் கை காட்டுவார்கள் என்று திரும்பிப் பார்த்தான். அப்சல் பையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தான். கழுத்தில் அட்டை இல்லாத ஆள் கை காட்ட, கல் எழும்பி, மெல்லத் திரும்பி, லாரியில் இறங்கியது. அவனை யாரும் தடுக்கவில்லை. இருக்கலாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

லாரி கிளம்பும் நேரத்தில் மறுபடி போன். மேனேஜர் முகம் சுருங்கியது.

"மாதவராஜ் சார் உன்னையும் வண்டியிலயே அனுப்பச் சொல்றாரும்மா. எதுக்குன்னு சொல்லல. அப்சல் விஷயத்தையும் அவர்தான் முடிவு பண்ணுவாராம்."

குள்ளம்மாள் ஓடிப்போய்த் தன் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்து நிர்மலாவின் மடியில் திணித்தாள். "திட்டு வாங்கறதுக்கும் வயித்துல தெம்பு வேணும் புள்ள," என்றாள்.

ஆண்டி நாற்பது வருட டிரைவர். பேசாமல் ஓட்டத் தெரியாதவர். தர்மபுரி தாண்டும் வரைக்கும் தன் மூன்று மருமகன்களைப் பற்றியும், கிருஷ்ணகிரி வரைக்கும் தன் முழங்காலைப் பற்றியும் சொன்னார். நிர்மலா ஒன்றும் பேசாமல் இருப்பதைப் பார்த்து, இதே லாரியில் ஒரு தடவை மாங்காய் லோடை ஊர் மாற்றி இறக்கிவிட்டு வந்த கதையைச் சொன்னார். ஊரே மாறிப் போச்சு, பெயர் ஒரே பெயர், நான் என்ன செய்வேன் என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டப்பாவைத் திறந்து இருவரும் புளிச்சோறு சாப்பிட்டார்கள்.

ஓசூரில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. அரைமணி நேரம் நகரவில்லை. ஆண்டி இறங்கிப் போய்ப் போக்குவரத்துக் காவலரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் லாரியின் பின்பக்கம் வந்து, கயிறு கட்டி உட்கார்ந்திருந்த இரண்டு சின்னக் கற்களைப் பார்த்தார். இதுக்காகவா ஒரு மிஷினே நிக்குது என்று கேட்டார். பிறகு தன் பைக்கை எடுத்துக்கொண்டு முன்னால் போய், மேம்பாலம் ஏறும் வரைக்கும் வழி விலக்கிவிட்டுப் போனார். பேரைக்கூடச் சொல்லவில்லை. அவர் நல்லா இருக்கணும் என்று நிர்மலா வேண்டிக்கொண்டாள். இன்றைக்கு வேண்டிக்கொள்ள ஆட்கள் கூடிக்கொண்டே போனார்கள்.

இரண்டரை மணிக்கு நகரத்துக்குள் வந்தார்கள். வீடு மேல் வீடு, மாடி மேல் மாடி. ஒரு பால்கனியில் ஈரப் புடவை, அடுத்ததில் துளசிச் செடி, அதற்கடுத்ததில் கைக்குழந்தைக்குத் தலை துவட்டும் ஒரு பெண். இதற்கெல்லாம் அடியிலா என்று அவள் மலைத்துப்போனாள். நாலு வருடமாக 'மேல இருக்கிற சனம்' என்று சொல்லி வந்தது இவர்களைத்தான். இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று தெரியாமல் ஒரே வார்த்தையில் சுருக்கமாக வேண்டிவிட்டோமே என்று இருந்தது.

இறங்கும் குழி பத்து மாடி ஆழம். கல் கிரேனில் இறங்கியது, அவள் லிப்டில் இறங்கினாள். தலையில் ஹெல்மெட், காலில் இரண்டு சைஸ் பெரிய பூட்ஸ். கீழே வெளிச்சமாகவும் வெக்கையாகவும் இருந்தது. மூன்று லாரிகள் பக்கம் பக்கமாகப் போகலாம், அவ்வளவு அகலம். இரு பக்கமும், தலைக்கு மேலும், வளையம் வளையமாகக் கற்கள். அவளும் குள்ளம்மாளும் மற்றவர்களும் கரணையால் தேய்த்தவை. யார்டில் படுத்துக் கிடந்த கற்கள் இங்கே எழுந்து நின்று ஒரு ஊரையே தூக்கிக்கொண்டிருந்தன. திட்டு வாங்க வந்திருக்கிறோம் என்பதை அவள் கொஞ்ச நேரம் மறந்துவிட்டாள்.

மிஷினின் பின்பக்கம் மாதவராஜ் நின்றிருந்தார். நரைத்த மீசை, சேறு படிந்த சட்டை. அவளைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். கல்லைத்தான் முதலில் பார்த்தார். துடைத்த இடத்தில் இருந்த சிவப்பைத் தன் விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். வரவில்லை.

இயந்திரக் கை சாவிக்கல்லைத் தூக்கியது. ஒன்பது கற்களுக்கு நடுவே ஒரு இடைவெளி இருந்தது. கல் அதன் வாயருகே போய் நின்றது. ஒருவன் கை காட்டினான். கொஞ்சம் இடது பக்கம், கொஞ்சம் கீழே. ஜாக்கி மெல்லத் தள்ளியது. ஓரங்களில் இருந்த ரப்பர் கிறீச்சிட்டது. கல் ஒரு சாண் போயிற்று, இன்னும் ஒரு சாண் போயிற்று, பிறகு கதவைச் சாத்தின மாதிரி ஒரு சத்தம். அங்கே இருந்த பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

மாதவராஜ் திரும்பினார். "பொட்டு வெச்ச அம்மா நீங்கதானே? இங்க வாங்க."

வேலையாட்களும் கூட வந்தார்கள். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். திட்டு ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தாள். அவர் அவளை மிஷின் ஓட்டும் சின்ன அறைக்குள் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். ஏகப்பட்ட பட்டன்கள், வட்ட வட்டமான அளவுமானிகள். ஒவ்வொன்றின் மேலும் பொட்டு. பச்சைப் பட்டன் மேலும் குங்குமம். ஒரு அளவுமானியில் முள் எங்கே நிற்கிறது என்றே தெரியாத அளவுக்குக் குங்குமம்.

"இது நான் வெச்சது," என்றார் அவர். கண்டிப்பான முகத்தில் வெட்கம் பரவியது. "காலைல உங்க மேனேஜர் போன்ல சொன்னப்பத்தான் இதையே பார்த்தேன். தினமும் எட்டு மணி நேரம் இது முன்னாடி உக்காந்திருக்கான் எங்க ஆளு. ஒரு வார்த்தை சொல்லல."

மிஷின் ஓட்டுகிறவன் தலையைச் சொறிந்தான். சார் வெச்ச பொட்டை நான் எப்படி அழிக்கிறது என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நிர்மலாவும் சிரித்தாள், சிரிக்கலாமா என்று தெரியாமலே.

சிரிப்பு அடங்கியதும் மாதவராஜ் வேலையாட்கள் பக்கம் திரும்பினார். "இந்த அம்மா சொல்லலைன்னா நாம இன்னிக்கெல்லாம் அச்சு கோணலா, மிஷின் கோணலான்னு தேடிக்கிட்டு இருந்திருப்போம். மேல ஜனங்க இருக்காங்க. இங்க தப்பு பண்ணவன் வந்து சொல்லிட்டான்னா சரி பண்ணிடலாம். சொல்லாம வுட்டாத்தான் எனக்குப் பயம். இதை நீங்க இவங்க மூஞ்சியப் பார்த்துக் கேக்கணும்னுதான் இத்தனை தூரம் வரச் சொன்னேன்." அவளைப் பார்த்து, "சிரமம் குடுத்துட்டேன்மா," என்றார்.

நிர்மலா வந்த காரியம் இன்னும் முடியவில்லை.

"சார், அங்க அப்சல்னு ஒரு பையன். தெரிஞ்சும் எங்களுக்காகத் தம்மேல போட்டுக்கிட்டான். கழுத்து அட்டைய வாங்கிட்டாங்க. அவனுக்கு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார். நான் சொன்னா, ஆறுதலுக்குச் சொல்றன்னு நெனச்சுக்குவான்."

மாதவராஜ் அறைச் சுவரில் இருந்த போனை எடுத்து யார்டு நம்பரைப் போடச் சொன்னார். அப்சல் இன்னும் அங்கேதான் இருந்தான், வீட்டுக்குப் போகவில்லை. மேனேஜரும் அவனும் குள்ளம்மாளும் சேர்ந்து மீதிக் கற்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்களாம். புள்ளிக்கு இனி நீலமும் பச்சையும் என்று முடிவாகி, பெயின்ட் வாங்க மொரப்பூருக்கு ஆள் போயிருக்கிறதாம்.

"அட்டையை வாங்கி மாட்டிக்கப்பா. மாசக் கடைசியில நிரந்தர ஆர்டர் வரும்," என்றார் மாதவராஜ். அடுத்து ஒரு வார்த்தை சொன்னார், அது அவருக்கு லேசில் வராத வார்த்தை என்று பக்கத்தில் நின்றவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "மன்னிச்சுக்க."

போனை நிர்மலாவிடம் கொடுத்தார்.

"தம்பி?"

"கல்லு உக்காந்துச்சாக்கா?" என்றான் அப்சல்.

"உக்காந்துச்சு தம்பி. கதவு சாத்தன மாதிரி."

"அப்படியே இருங்க, குள்ளம்மாக்கா புடுங்கறாங்க" என்று அவன் சொல்வதற்குள் குள்ளம்மாளின் குரல் வந்துவிட்டது. திட்டினார்களா, எவ்வளவு திட்டினார்கள், சாப்பிட்டாயா, டப்பாவை மறந்துவிட்டு வந்துவிடாதே என்று அடுக்கினாள். நிர்மலா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து, ஓட்டுகிறவன் அளவுமானியின் மேலிருந்த குங்குமத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு துணியால் துடைத்துவிட்டுப் பச்சைப் பட்டனை அழுத்தினான். தரை அதிர்ந்தது. புதிதாகக் கட்டிய வளையத்தின் மேல் ஜாக்கிகள் ஒவ்வொன்றாகப் போய் ஊன்றிக்கொண்டன. முள் பூஜ்யத்திலிருந்து எழுந்தது.

போனில் குள்ளம்மாள் கத்திக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நிர்மலா ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "நகருதுக்கா, நகருது" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.